கவினின் ஆட்டத்தைப் பற்றி மலருக்கு

அன்புள்ள மலருக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் பகலெல்லாம் வெயில், சாயங்காலமானால் மழை. நீ பேசிக் கொஞ்ச நாளாகிறது. வேலை அதிகமாக இருக்கும், சரி. போனில் சொல்ல ஆரம்பித்தால் “அப்புறம் பேசறேன்பா” என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதென்று பாதியில் விட்டுவிடாதே.

மாப்பிள்ளை சொன்னதிலிருந்து நான் என்.எச்.எல். என்கிற தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கின் ஆட்டம் பார்க்கிறேன். கனடாவில், உங்கள் கால்கரியில் குளிர்காலத்தில் இரவு ஏழு மணி என்றால் இங்கே மறுநாள் காலை பத்து. அம்மா சமையலில் இருக்கும் நேரம், என்னை யாரும் தேட மாட்டார்கள். முதலில் அந்தப் பக், பந்துக்குப் பதிலாக அடிக்கிற ரப்பர் வில்லை, எங்கே போகிறதென்றே கண்ணுக்குத் தெரியவில்லை, இப்போது பழகிவிட்டது. அந்த வேகத்தில் சறுக்கிக்கொண்டே மட்டை நுனியில் பக்கை ஒட்டவைத்த மாதிரி கொண்டுபோகிறார்களே, நானும் மட்டை பிடித்தவன்தான், அது லேசுப்பட்ட வித்தை இல்லை. நம் கவின் அதைச் செய்கிறான். நீ அனுப்பிய வீடியோவைக் கோப்பிக்கடையில் நான் காட்டாத ஆள் கிடையாது.

அந்த இடியைத்தான் பார்க்க முடியவில்லை, மலர். போன வாரம் ஒரு பையன் சுவர் ஓரத்தில் பக்கை எடுக்கக் குனிந்து திரும்பினான். இன்னொருவன் தூரத்திலிருந்தே வேகமெடுத்து வந்து தோளால் ஒரு இடி. கண்ணாடி அதிர்ந்தது. விழுந்தவன் எழுந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றான். கூட்டம் கைதட்டியது. பக்கைப் பறிக்க மட்டை போதுமே! வந்தவன் பக்கைப் பார்க்கவே இல்லை, ஆளைப் பார்த்துத்தான் வந்தான்.

இடி இல்லாவிட்டால் அது ஹாக்கியே இல்லை என்கிறார் மாப்பிள்ளை. உரசல் வேறு, இடி வேறு. 200 அடி நீளம், 85 அடி அகலத்துக்குள் இத்தனை பேர் அந்த வேகத்தில் ஓடினால் தோளோடு தோள் படத்தான் செய்யும். அது இருக்கட்டும். ஆளைச் சாய்க்கவென்றே போய் இடிப்பதை எடுத்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? 1998-இல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கி வந்தபோதே பாடி செக், அதாவது இந்த இடி, கிடையாது. அதையும் தேடிப் பார்த்தேன், எனக்குச் சலிக்கவில்லை. 2024-இல் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக்கில் இடிக்கக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறார்களாம். நல்லதைக் கெடுக்கிறார்கள்.

நம் புல்தரை ஹாக்கியையே எடுத்துக்கொள். 1975 உலகக் கிண்ணம் கோலாலம்பூரில் நடந்தபோது தோட்டமே கிராணி வீட்டு ரேடியோவைச் சுற்றி நின்றது. அரையிறுதியில் இந்தியாவை விட நம் மலேசியா 2-1 முன்னால். முடியும் தறுவாயில் அஸ்லாம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் 3-2 என்று கையை விட்டுப் போயிற்று. உங்கள் தாத்தா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. உடம்பால் தள்ளினாலே விசில் ஊதுகிற ஆட்டம் அது. அதில் யாருக்கு என்ன வேகம் குறைந்தது?

பெரியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு விரும்பித்தான் ஆடுகிறார்கள் என்பது மாப்பிள்ளையின் இன்னொரு வாதம். அந்த விருப்பம் எந்த வயதில் வந்தது? உங்கள் நாட்டில் 2013-இல் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடி செக்கை நிறுத்தினார்கள். கால்கரிப் பல்கலைக்கழகத்து ஆட்களே 2010-இல் ஆராய்ந்து, இடிக்க விடும் அல்பர்ட்டாப் பிள்ளைகளுக்கு, இடிக்க விடாத கியூபெக் பிள்ளைகளைவிட மூளை அதிர்ச்சி மூன்று மடங்குக்கு மேல் என்று சொல்லியிருந்தார்கள். நல்ல காரியம் செய்தார்கள். ஆனால் 13 வயதானதும் திறந்துவிடுகிறார்கள். ஏன்? மேலே போனால் அது வேண்டியிருக்கும் என்றுதானே. மேலே இருப்பதை எடுத்தால்தான் கீழே நிற்கும். கவினுக்கு மார்ச்சில் 13 ஆகிவிட்டது.

என்.எச்.எல். ஆட்டக்காரர் கிராஸ்பியின் படம் அவன் அறையில் ஒட்டியிருக்கிறதே. தலையைக் குறிவைத்துப் பக்கவாட்டில் இடிப்பதற்கு 2010-இல்தான் என்.எச்.எல். தடை போட்டது. அதற்குப் பிறகும் 2011 ஜனவரி 1 அன்று கிராஸ்பிக்குத் தலையில் பட்டது. நான்கு நாள் கழித்து மறுபடி ஆட வந்தார், மறுபடி சுவரோடு வைத்து இடித்தார்கள். நவம்பர் வரை களத்துக்கு வரவில்லை. வந்து எட்டு ஆட்டம் ஆடினார், மறுபடி தலைவலி, மறுபடி மார்ச் வரை உட்கார்ந்தார். உலகத்திலேயே சிறந்த டாக்டர்கள் பக்கத்தில் இருந்த ஆளுக்கே இந்தக் கதி. முதல் அடிக்குப் பிறகு மறுபடி ஆட விட்டதுதான் தப்பு, மலர், அந்த நான்கு நாள்தான்.

இதை எழுத வேண்டாமென்று இருந்தேன். உங்கள் ஊர் அணியிலேயே ஆடிய ஸ்டீவ் மொன்டடோர் 2015-இல் இறந்தபோது வயது 35. திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வரும் நோய் அவர் மூளையில் இருந்தது. ஹெல்மெட் போடுகிறான் என்று சொல்வாய். தேங்காயை எதில் சுற்றி வைத்துக் குலுக்கினாலும் உள்ளே தண்ணீர் ஆடத்தான் செய்யும்.

உன்னைக் குறை சொல்லவில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, அந்தப் பனியில் வண்டி ஓட்டி, அவனைப் பயிற்சிக்குக் கொண்டுவிடுகிறாய். எந்தத் தாய் செய்வாள்? அதே நேரம், எங்களிடம் எதையும் சொல்லாமல் நீயே சுமக்கிற பழக்கமும் உன்னிடம் இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே.

இடிக்காத பிரிவு ஒன்று அங்கே இருப்பதாக மாப்பிள்ளையே சொன்னார். அதில் போடு. ஆட்டம் போய்விடாது. தொழில்முறைக்குப் போக முடியாமல் போனால் போகட்டும். அந்தப் பிரிவில் போடு, மலர்.

கடைசியாகப் பேசியபோது கவின் சமையலறை விளக்கை அணைக்கச் சொன்னான். நீ ஏதோ சொல்லிச் சிரித்தாய். அவன் “தாத்தா, அங்க மணி என்ன?” என்று கேட்டான், சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதையே கேட்டான். அம்மா கவனிக்கவில்லை, நானும் அவளிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் தலைவலி இல்லை என்றுதான் சொல்வார்கள். நல்லதம்பி மாமாவும் அன்றைக்கு அதைத்தான் சொன்னார். உனக்குத் தெரியாததா?

டாக்டரிடம் காட்டினாயா? காட்டவில்லையென்றால் நாளைக்கே கூட்டிக்கொண்டு போ. அவர் சரி என்று சொல்லும்வரை ஐஸ் பக்கமே விடாதே, பயிற்சியாளர் என்ன சொன்னாலும் சரி. காட்டியாகிவிட்டது என்றால் என்ன சொன்னார் என்று எனக்கு மட்டும் தனியாக எழுது. காலை பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன், அந்த நேரத்தில் ஆட்டம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

அம்மா போட்ட மோர் மிளகாயைச் சாந்தி அக்கா மகனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறோம், அடுத்த வாரம் வந்து சேருவான்.

அன்புடன்,
அப்பா