உன் புத்தகத்தைப் படித்துவிட்டேன்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்போலத்தான். நீ செப்டம்பர் 21 அன்று அனுப்பிய படம் கிடைத்தது. உன் முகத்தைவிட உனக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். அட்டைகளில் என்ன எழுதியிருந்தது என்று தெரியவில்லை. அது என்ன நாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

விடுமுறைக்கு வந்தபோது, பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ரிசாலைப் பற்றிய பாடப்புத்தகத்தை மாடி அறையிலேயே விட்டுப்போய்விட்டாய். எந்தப் படிப்பானாலும் அங்கே கல்லூரியில் ரிசாலைப் படித்தே ஆகவேண்டும், 1956இல் சட்டமே போட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்னாய். டாக்டராகப் போகிறவளுக்கு இது எதற்கு என்று கேட்டேன். இப்போது அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டேன். போதாமல் நூலகத்துக்கும் போய்த் தேடிப் படித்தேன்.

ரிசாலும் டாக்டர்தானே, கண்ணு. கண் டாக்டர். தாயாரின் கண்ணுக்குத் தானே அறுவை செய்திருக்கிறார். 1887இல் பெர்லினில் முதல் நாவலை அச்சிடக் காசில்லாமல் நண்பரிடம் 300 பெசோ கடன் வாங்கியிருக்கிறார். வயிற்றைக் கட்டித்தான் அந்தக் குளிர்காலத்தை ஓட்டினாராம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்த நாவல் நாட்டுக்குள் வரவே கூடாது என்று மணிலாவின் தணிக்கைக் குழு சொன்னது. அதற்காக அதைப் படித்துத் தீர்ப்பு எழுதியவர் ஒரு பாதிரியார். அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தில் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டேன். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

1896 டிசம்பர் 30 அன்று, அப்போது நாட்டை ஆண்ட ஸ்பானியர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. கடைசிக் கவிதையை ஒரு சின்ன ஸ்பிரிட் அடுப்புக்குள் மடித்து வைத்து, ‘உள்ளே ஒன்று இருக்கிறது’ என்று காவலருக்குப் புரியாமலிருக்க ஆங்கிலத்தில் தங்கையிடம் சொன்னாராம். பதினான்கு பத்திகள். தலைப்பும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

ஸ்பானியர் போய் அமெரிக்கர் வந்தார்கள். 1901இல் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கப்பல் நிறைய ஆசிரியர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1903இல் உள்ளூர் மொழியான தகலாக்கில் அவர்களை எதிர்த்து நாடகம் போட்ட தோலெந்தினோவைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஆனால் 1925இல் பாஸ் மார்க்கெஸ் பெனித்தெஸ் என்ற பெண்மணி, வந்தவன் மொழியிலேயே இன்றும் பாடத்தில் வைக்கும்படி ஒரு சிறுகதை எழுதிவிட்டார். ஜப்பானியர் ஆண்ட மூன்று ஆண்டுகளில் ஆங்கிலம் அடங்கித் தகலாக் தலையெடுத்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் மொழியை மாற்றிக்கொண்டாவது எழுதியிருக்கிறார்கள். அந்த ஜனங்கள்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. அவர்கள் நடுவில் என் மகள் இருக்கிறாள் என்பதில் பெருமைகூட உண்டு.

ஆனால் 1972க்கு வந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டத்துக்குப் போட்ட தேதிதான் நீ அனுப்பிய படத்தின் தேதி. அடுத்த ஆண்டு, அரசாங்கத்துக்கு வேண்டிய பத்திரிகை ஒன்றிலேயே கவிஞர் ஹோசே லகாபா புனைபெயரில் ஒரு கவிதை எழுதினார். வரிகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழே படித்தால் ‘மார்க்கோஸ், ஹிட்லர், சர்வாதிகாரி, அடிவருடி’ என்று வரும். 1974இல் பிடித்தார்கள். சித்திரவதை, சிறை. 1976இல் எழுத்தாளர் நிக் ஹோக்கினுக்குத் தேசியக் கலைஞர் விருது கொடுத்தபோது, லகாபாவை விடுவித்தால்தான் வாங்குவேன் என்று அவர் சொன்னதால் லகாபா வெளியே வந்தார். லகாபாவின் தம்பி எம்மானுவேலும் கவிஞர். அவரை அதே ஆண்டில் சுட்டுக் கொன்றார்கள், 27 வயதில். எங்கே என்று உனக்குத் தெரிந்திருக்கும். வடக்கு டாவோ மாகாணத்தில். உன் விடுதியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று வரைபடத்தில் அளந்து பார்த்தேன்.

மூன்று வாரமாக நீ அனுப்புவதெல்லாம் ‘சரி அப்பா’, ‘வகுப்பு இருக்கிறது’, ‘பிறகு பேசுகிறேன்’ தான். அவற்றின் முதலெழுத்துகளையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்துப் பார்த்தேன். அந்த அளவுக்கு ஆகிவிட்டது.

லுவல்ஹாத்தி பௌதிஸ்தா அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய நாவலை அம்மாவுக்குக் கதையாகச் சொன்னேன். ஐந்து பையன்களைப் பெற்ற தாயின் கதை. ஒருவனைக் கொன்றுவிடுகிறார்கள் என்றதும், ‘நமக்கு இருப்பது ஒன்று’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஊர்வலங்களில் வெளிநாட்டவர் கலந்துகொண்டால் நாடுகடத்துவோம் என்று அங்கே குடியேற்றத் துறை எச்சரித்திருக்கிறது. பாஸ்போர்ட் நகலை எப்போதும் பையில் வைத்திரு. தேர்வுக் கட்டணம் கட்டிவிட்டாயா? தனியாக எங்கும் போகாதே. சித்தப்பா விஷயத்தில் பாட்டி பட்டது போதும். வேளைக்குச் சாப்பிடு.

பென்சிலைக் கீழே வைத்ததைச் சொல்கிறேன். நீ பிளஸ் டூ படிக்கும்போது நவம்பரில் உன் பெயருக்கு ஒரு பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. நான் பிரித்தேன். உன் கவிதையைப் போடுகிறோம், புகைப்படம் அனுப்பவும் என்று இருந்தது. நீட் முடியட்டும் என்று எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு அடியில் வைத்தேன். நீட் முடிந்தது, நீ விமானம் ஏறினாய், கடிதம் அங்கேயே கிடந்தது. நீ தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்பதை அந்த இரண்டு மாதமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ‘நன்றாக இல்லை போலிருக்கிறது அப்பா, யாரும் பதில் போடவில்லை’ என்று ஒருநாள் சொன்னாய். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், ‘படிக்கிற வழியைப் பார்’ என்றேன். அதற்குப் பிறகு நீ எழுதியதாக நான் பார்க்கவில்லை. எழுதினாயா என்று கேட்கவும் இல்லை.

கவிதை நன்றாகத்தான் இருந்தது, கயல். ‘கிணற்றடி’ என்ற சொல் வரும் வரி எனக்கு இன்றும் மனப்பாடம்.

அந்தக் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி. ஞாயிறு இரவு ஏழரை மணிக்கு, உனக்குப் பத்து மணி, ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். தேர்வைப் பற்றி முதலில் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா