தைக்கோ பயிற்சிக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

டோக்கியோ வாழ் தமிழர்கள் ஞாயிறுதோறும் கூடித் தைக்கோ என்னும் ஜப்பானிய மேளம் பழகும் நம் குழுவின் வகுப்புகள் இவ்வாண்டும் தடையின்றி நடந்தன. கோடையில் மட்டும் அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்கவில்லை என்று முறையிட்டதால், மேளத்தை ஒதுக்கிவிட்டுப் பழைய கார் டயர்களில் அடித்தோம். டயரைத் தொடக் கௌரவம் பார்த்தவர்களுக்கு ஒரு செய்தி: ஜப்பானியக் குழுக்களும் டயரில் பழகுவதுண்டு.

தைக்கோ வரலாறு குறித்து நடத்திய உரைக்கு நல்ல கூட்டம். மேளம் பழையதுதான், ஜப்பானின் குன்மா மாவட்டத்தில் கிடைத்த 6ஆம் நூற்றாண்டுச் சுடுமண் பொம்மை ஒன்றும் மேளம் அடிக்கிறது. ஆனால் சிறிதும் பெரிதுமாய்ப் பல மேளங்களை மேடையில் சேர்த்து வாசிக்கும் முறை 1951இல்தான் வந்தது. நகானோ மாவட்டம் ஒக்காயாவில் ஜாஸ் டிரம்ஸ் வாசித்துவந்த ஒகுச்சி தைஹாச்சி, சுவா கோயில் மேளத்துக்கான பழைய குறிப்பு ஒன்றைப் பல மேளங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். 1969இல் சாதோ தீவில் ஒந்தேகோசா குழு தோன்றியது. 1975இல் பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்த கையோடு மேளம் அடித்தவர்கள் இவர்கள்தான். ஒந்தேகோசாவிலிருந்து பிரிந்த கோதோ குழு 1981இல் பெர்லினில் அரங்கேறியது.

டிசம்பர் 3 அன்று சிச்சிபு நகரின் தேர்த் திருவிழாவுக்குச் சென்றுவந்தோம். அங்கே வாசிப்பவர் முகமே தெரியாது. தேரின் வயிற்றுக்குள் உட்கார்ந்து அடிக்கிறார்கள். அந்த அடியின் வேகத்தில்தான் வெளியே வடம் பிடிப்பவர்களுக்கு வலு ஏறுகிறது. தேர் திசை திரும்பும்போது பெரிய மேளம் ஓய்ந்து சின்ன மேளம் மட்டும் பேசும். கைதட்டலுக்காக அடிக்கப்படாத மேளத்தைக் கேட்க வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும்.

இனி ஒரு குறை. புதிதாகச் சேரும் எவரும் நேரே ஓதைக்கோ என்னும் பெரிய மேளத்தின் முன்தான் போய் நிற்கிறார்கள். 'ஜி' என்னும் அடித்தாளத்தைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. ஹச்சிஜோ தீவு முறையில் ஒரே மேளத்தின் இரு முகத்திலும் இருவர் நிற்பர். ஒருவர் மாறாத தாளம் போட்டால்தான் மற்றவர் மனம்போல விளையாட முடியும். தாளக்காரர் இல்லாமல் தவில்காரர் என்ன செய்வார்? ஆகவே முதல் மூன்று மாதம் எவரும் சிமே என்னும் சிறிய மேளத்தில் ஜி மட்டுமே வாசிக்க வேண்டும், 'தொன், தொகோ, த்சு' என்று அடிகளை வாயால் சொல்லிப் பழகாமல் கோலைத் தொடக் கூடாது என்ற தீர்மானத்தை நிர்வாகக் குழு முன்மொழிகிறது. முறுமுறுப்பு இருக்கும், இருக்கட்டும்.

உடைந்த கோல்களுக்குப் பதில் புதியவை வாங்கியாயிற்று. சிமே ஒன்றின் தோல் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். அதற்கான செலவைப் பொருளாளர் தம் கணக்கில் வைப்பார். இவ்வறிக்கையையும் மேற்படி தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்