40 எண்ணிக்கை கூடினால் சீசியமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தூளில் கதிரியக்கம் உண்டா என்றால், உண்டு. ஒரு கிலோ தூளில் ஏறக்குறைய 20 கிராம் பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியம் எங்கிருந்தாலும் கிராமுக்குச் சுமார் 31 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்றால் வினாடிக்கு ஓர் அணுச் சிதைவு). ஆகச் சுமார் 600 பெக்கரல், கொழுந்தோடு பிறந்தது. கவலைப்பட வேண்டியது அணுப்பிளவில் உண்டாகும் சீசியம்-137 இருந்தால்தான்.

அதன் காமாக் கதிரை 662 கிலோ இலத்திரன்வோல்ட்டு சக்தியில் எழும் உச்சியில் எண்ணுவார்கள். ஒரு மணி நேரத்தில் வெற்று மாதிரி (சீசியம் இல்லாத ஒப்பீட்டு மாதிரி) 400, தேயிலை 440 என்று வைப்போம். 40 கூடியிருக்கிறதே, சீசியம்தான் என்று எழுதிவிடக் கூடாது. 400இன் வர்க்கமூலம் 20, அதை 2.33ஆல் பெருக்கினால் 47; அதுதான் எல்லை. அதற்குக் கீழே உள்ளது வெறும் எழுமாறான ஆட்டமாக இருக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் நான்கு மணி நேரம் எண்ணுங்கள்: வெற்று மாதிரி 1600, எல்லை 93. மேலதிகம் மெய்யானால் 160 அளவில் நிற்கும்; பொய்யானால் கரைந்துவிடும்.

இந்த எல்லையும் நூற்றுக்கு ஐந்து தடவை பொய் சொல்லும். சீசியமே இல்லாத 60 தோட்டத்து மாதிரிகளைச் சோதித்தால் மூன்று "அகப்படும்". அந்த மூன்றை மறுபடி எண்ணாமல் தோட்டத்தின் பெயரைப் போடுவது அநியாயம்.

வெற்று மாதிரியில்தான் அதிகம் பிழை நேர்கிறது. வெறும் தண்ணீர் போதாது. பொட்டாசியத்தின் 1460 கிலோ இலத்திரன்வோல்ட்டுக் கதிர் சிதறி 662 உச்சி இருக்கும் இடத்திலும் விழும். அதனால் தேயிலையில் உள்ள அளவுக்குப் பொட்டாசியம் குளோரைட்டைக் கரைத்து, அதே பாத்திரத்தில், அதே மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். கொழும்பில் எடுத்த பின்னணி எண்ணிக்கை 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கு உதவாது. இங்கே அண்டக்கதிர் அதிகம். குளிருக்கு யன்னலை அடைத்தால், நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடன் தேங்கும். அதன் வழிவந்த பிஸ்மத்-214 தரும் 609 கதிரை சோடியம் அயடைட்டுக் கருவி 662இலிருந்து சரியாகப் பிரிக்காது. காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் இடையில் உச்சியே இடம் பெயரும்.

வெற்று மாதிரியைப் பத்துத் தடவை எண்ணிக் கை-வர்க்கப் பெறுமானம் (எண்ணிக்கைகளின் ஏற்ற இறக்கம் தற்செயலுக்கு ஒத்ததா என்று காட்டும் எண்) பாருங்கள். 3.3க்கும் 16.9க்கும் இடையில் நிற்பது வழக்கம். கூடினால் மின்னழுத்தமோ ரேடனோ ஆடுகிறது. குறைந்தால் சந்தோஷப்படுகிறார்கள்; அங்கேதான் கவனம் வேண்டும், கருவி 50 ஹேர்ட்ஸ் மின் இரைச்சலை எண்ணிக்கொண்டிருக்கலாம்.

அறிக்கையைப் பிரசுரிக்கும்போது எண்ணிய நேரத்தையும் கண்டறியும் எல்லையையும் சேர்த்துப் போடுங்கள். "பூச்சியம்" வேண்டாம், "இத்தனை பெக்கரலுக்குக் குறைவு" என்று போடுங்கள்.

இப்படிக்கு,
கதிரியக்க அளவீட்டு ஆய்வுகூடப் பணியாளர்,
நுவரெலியா.