படுக்கவைத்து அளக்காதீர்கள்: மாற்றுத்திறனாளிச் சான்று மருத்துவக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

உடல் முழுதும் பரவிய டிஸ்டோனியா என்னும் நரம்பியல் நோய் உள்ள இன்னொரு பிள்ளையின் விண்ணப்பமும் "தசை வலு 5/5, மூட்டசைவு முழுமை" என்ற குறிப்போடு, சலுகைகளுக்குத் தேவையான 40 சதவீதத்துக்குக் கீழே நின்றுவிட்டது. குறிப்பில் பொய் இல்லை. ஆனால் டிஸ்டோனியாவில் தசைக்கு வலு இருக்கும். மூளையிலிருந்து அதற்கு வரும் கட்டளைதான் பிசகுகிறது. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒருசேர இறுகி உடம்பு முறுகும். அசைய முயலும்போதுதான் அது கூடும். வராந்தாவில் முதுகு வளைந்து, பாதம் திருகி, பெஞ்சில் உட்கார முடியாமல் காத்திருந்த பிள்ளை, பரிசோதனை மேசையில் தளர்ந்து படுத்ததும் நேராகிவிடலாம். மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரை அந்த நேரத்தில் வைத்தால் அது வேறென்ன காட்டும்?

படுக்கவைத்து அளக்காதீர்கள். எழுந்து நடக்கவிட்டுப் பாருங்கள்.

முன்னோக்கிப் பத்தடி, பிறகு பின்னோக்கிப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முன்னால் நடக்கையில் உள்ளே திரும்பும் பாதம் பின்னால் நடக்கையில் நேராவதுண்டு. தாடையில் விரல் வைத்ததும் திருகிய கழுத்து திரும்பி வருவதுண்டு. இவை நோயின் அடையாளங்கள். தயவுசெய்து "நடிப்பு" என்று எழுதாதீர்கள். அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் அலைய நேர்கிறது. நிறை டம்ளர் தண்ணீரை வாய்வரை கொண்டுபோகச் சொல்லுங்கள், பெயர் எழுதச் சொல்லுங்கள், சட்டைப் பொத்தான் போடச் சொல்லுங்கள். டிஸ்டோனியாவின் கடுமையை மதிப்பிடும் பர்க்-ஃபான்-மார்ஸ்டன் அளவுகோலில் அசைவுக்கு அதிகபட்சம் 120, அன்றாடச் செயல்களுக்கு அதிகபட்சம் 30 மதிப்பெண். பேச்சு, எழுத்து, உண்ணுதல், விழுங்குதல், உடல் சுத்தம், உடை, நடை எல்லாம் அதில் வருகின்றன. நரம்பியல் மருத்துவர் அந்த மதிப்பெண்ணை எழுதித் தந்திருந்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நோயின் முழு வடிவத்தைப் பார்க்க, மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்லலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தசை இறுக்கத்தைத் தளர்த்தத் தரும் பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம், கடுங்காய்ச்சல் வரை போகும். இதே நோய்க்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரையையும் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இறுக்கம் விடாமல் தொடர்ந்தால் தசை சிதைந்து சிறுநீரகம் பழுதாகும், உயிருக்கே ஆபத்து. வீட்டில் எடுத்த வீடியோவைப் பார்த்தாலே போதுமே.

சான்றோடு முடியும் குறையும் இல்லை இது. "பெருமூளை வாதம்" என்று எழுதி மூடப்பட்ட கோப்புகளில், காலையில் நன்றாக நடந்து மாலையில் கால் இழுக்கும் பிள்ளை உண்டா என்று யார் கேட்கிறார்கள்? அது லெவோடோபா என்னும் மருந்துக்குக் கட்டுப்படும் டிஸ்டோனியாவாக இருக்கலாம். சிறு அளவு மருந்திலேயே எழுந்து நடக்கக்கூடிய பிள்ளை சக்கர நாற்காலியில் வளர்வதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் டிஸ்டோனியா என்ற பெயர் இல்லை என்பது தெரியும். ஆனால் நாள்பட்ட நரம்பியல் நிலைகள் என்னும் இடத்தில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் "போன்றவை" என்றுதான் சட்டம் சொல்கிறது. அந்தச் சொல்லுக்குள் இந்தப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கிறது.

அடுத்த முகாமில் பரிசோதனை மேசைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு பேனா, நடந்துகாட்டப் பத்தடி இடம் ஒதுக்கித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.