மீன் கத்தியில் இருக்கும் பெயர்

ட்ரொண்ட்ஹைம்,
ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நலம். முழங்கால் பரவாயில்லை, ஊன்றுகோலை விட்டுவிட்டேன். அம்மா அனுப்பிய மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கிடைத்திருக்கும். கிடைத்ததென்று நீ ஒரு வரி எழுதவில்லை. பொதி ஒப்படைக்கப்பட்டது என்று தபால் நிலையம்தான் அம்மாவின் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பியது.

குழந்தையை வெளியே கொண்டுபோகும்போது காதை மூடிக் கொண்டுபோ. இந்த நாட்டில் பிள்ளைகளை வண்டிலோடு வாசலில் விட்டுத் தூங்கவைக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். முப்பத்தெட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இருந்தாலும் காதை மூடு.

இதைத் தமிழில் எழுதுகிறேன். மழையென்றும் பனியென்றும் பாராமல் சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனேன் அல்லவா, அதற்காகவாவது நீயே எழுத்துக்கூட்டி வாசி. கைத்தொலைபேசியைக் காட்டி மொழிபெயர்த்துப் பார்க்காதே.

நேற்று ஊல்சொக். 1030ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதி ஸ்டிக்லஸ்தாட் சண்டையில் அரசர் ஊலாவ் ஹரால்ட்சன் வெட்டுப்பட்டு விழுந்த நாள். ஊர் முழுக்கக் கொடியும் கூட்டமும். நீடரோஸ் பேராலயத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தேன். ஒஸ்லோவிலிருந்து 640 கிலோமீட்டர் நடந்து வந்த யாத்திரிகர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புல்லில் காலை நீட்டியிருந்தார்கள். ஒரு பெண் குதிக்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை மெல்ல மெல்ல உரித்தாள். தோலும் கூடவே வந்தது. செல்வச்சந்நிதி கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்துபோய்த் திரும்பியவர்களின் கால்களை நான் சிறுவனாக இருந்தபோது அப்படித்தான் பார்த்திருக்கிறேன். உன் அப்பப்பாவுக்குக் கதிரவேலு என்ற பெயர் எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை.

அந்த ஊலாவ்மீது எனக்குப் பெரிய மதிப்பில்லை. வாளைக் காட்டி மதம் மாற்றியவர். அவருடைய நாட்டு விவசாயிகளே திரண்டு வந்து அவரைக் கொன்றார்கள். ஒரு வருடம் கழித்து அதே நாட்டில் அவரைப் புனிதராக்கிக் கும்பிடத் தொடங்கினார்கள். உயிரோடு இருக்கும்வரை ஒருவரோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்துவிட்டு, செத்தபிறகு மெழுகுதிரி ஏற்றுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. உன்னைச் சொல்லவில்லை.

குழந்தையின் பெயரைப் பற்றி எழுதுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு அந்தப் பெயரை எப்படித் தவிர்ப்பது? சந்தைச் சதுக்கத்தில் தூணுக்கு மேலே நிற்பவர் ஊலாவ், 997இல் இந்த ஊரை நிறுவியதாகச் சொல்லப்படும் ஊலாவ் த்ரிக்வாசன். அந்தத் தூணின் நிழல்தான் கீழே மணி காட்டுகிறது. நீ சிறுவனாக இருந்தபோது அந்த நிழலை மிதித்துக்கொண்டே ஓடுவாய். என் முழங்காலைச் சரியாக்கிய ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பெயர்தான். மேல்மாடியில் இருக்கும் ஊல்சன் குடும்பம்கூட ஊலேயின் மகன் வழி. ஊலே என்பதும் ஊலாவின் இன்னொரு வடிவம்தான். தகப்பன் பெயரைப் பிள்ளைக்குப் பின்னால் வைக்கிற வழக்கம் இவர்களுக்கும் இருந்தது. 1923இல் சட்டம் போட்டு, ஒவ்வொரு குடும்பமும் மாறாத ஒரு பெயரை வைத்துக்கொள்ளவேண்டும் என்றார்கள். நமக்கு யாரும் சட்டம் போடவில்லை. விண்ணப்பத் தாளில் இருந்த கட்டத்தில் என் ஐயாவின் பெயரை எழுதினேன், அது குடும்பப் பெயராகிவிட்டது. நல்லூருக்குத் தெற்கே ஒருபோதும் குடியிருந்திராத மனிதரின் பெயர் இப்போது நோர்வேத் தபால்பெட்டியில் இருக்கிறது.

ஓ எழுதி ஊ என்று ஏன் சொல்கிறார்கள் என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம், சிரித்தாயாம். நான் முதல்முதல் கேட்டபோது எனக்கு அது பெயராகவே கேட்கவில்லை. 'உலாவு, உலாவு' என்று யாரோ ஏவுவதுபோல் இருந்தது. அதன் பொருளை நூலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய நோர்ஸ் மொழியில் முன்பாதி முன்னோர், பின்பாதி விட்டுப்போனது, வாரிசு. முன்னோர் விட்டுப்போன எச்சம். நாம் பேரன் என்கிறோமே, பெயரன், பாட்டன் பெயரைச் சுமக்கிறவன், கிட்டத்தட்ட அதே எண்ணம்தான். ஆகவே பெயரில் எனக்குக் குறையில்லை. இன்னொன்றும் அங்கே தெரிந்துகொண்டேன். இவர்களின் பழைய வழக்கப்படி மூத்த ஆண்பிள்ளைக்குத் தகப்பன்வழிப் பாட்டனின் பெயர்தான். தாய்வழிப் பாட்டனின் பெயர் இரண்டாவது பிள்ளைக்கு. இதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

மருமகளின் தாத்தாவைப் பற்றி நான் ஒரு சொல்லும் தப்பாகச் சொல்லமாட்டேன். உங்கள் கல்யாணத்தன்று அந்த மனிதர், தொண்ணூறு வயதில், என் கையைப் பிடித்துக்கொண்டு என் பெயரைக் கேட்டார். நான் வழக்கம்போல் சுருக்கிச் சொன்னேன். 'முழுவதையும் சொல்லுங்கள்' என்றார். சொன்னேன். அவர் சொல்லிப் பார்த்தார், பிழைத்தது. மறுபடி, பிழைத்தது. சூப் ஆறிக்கொண்டிருந்தது. நான்காவது தடவை சரியாகச் சொல்லிவிட்டு மேசையில் தட்டினார். இந்த நாட்டில் வந்து அத்தனை வருடத்தில் என் பெயரை முழுதாகச் சொல்ல மெனக்கெட்ட முதல் ஆள் அவர். அப்படிப்பட்டவரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்க மருமகள் ஆசைப்பட்டதில் என்ன பிழை? அவளுக்கு இதைச் சொல். கீரைக்கு உப்புக் குறைவாகப் போடச் சொல், பால் கொடுக்கிற காலத்தில் நன்றாகச் சாப்பிடச் சொல். குழந்தையின் காது.

நீ பெயரைச் சொன்ன அன்று நான் 'சரி' என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்தேன். ஐந்து கிழமையாகிவிட்டது. நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ நினைத்ததல்ல காரணம்.

நம் வீட்டு மீன் கத்தி உனக்கு நினைவிருக்கும். மரப்பிடி, ஓரம் தேய்ந்து ஒல்லியாகிப்போனது. அதன் பிடியில் சூட்டுக்கோலால் நான்கு எழுத்துக்கள் சுட்டிருக்கும். எழுத்துக்கூட்டப் பழகிய வயதில் நீ அதை வாசித்துவிட்டு, 'அப்பா, யார் இந்த ஊலாவ்?' என்று கேட்டாய். 'கத்தியை எனக்குத் தந்தவர்' என்றேன். பொய். அது நான்தான்.

1987இல் மக்கள் கல்லூரிக்கென்று வந்து, அடுத்த வருடம் பின்மார்க்கில் மீன் வெட்டப் போனேன். எங்கள் பொடியன்கள் பலர் அப்படித்தான் வடக்கே போனார்கள். முதல் நாள் மேற்பார்வையாளர் என் பெயரைத் தாளில் பார்த்தார், உதட்டைச் சுழித்தார், அதற்கு முதல்கிழமை வேலையை விட்டுப் போயிருந்த ஒருவனின் கத்தியையும் ஏப்ரனையும் என்னிடம் நீட்டினார். 'பெயர் ஏற்கெனவே இருக்கிறது, நீ ஊலாவாக இரு' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கெட்டவரல்லர், குளிர்காலத்தில் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு கிழமைக்குத்தான் என்று நினைத்தேன். பத்து வருடம் அந்தப் பெயருக்கு 'ஓம்' என்று திரும்பிப் பார்த்தேன். ஐந்தாம் ஊலாவ் அரசருக்கும் அப்படித்தான் நடந்தது என்று மனத்தைத் தேற்றிக்கொள்வேன். நீ உன் அறைச் சுவரில் ஒட்டியிருந்தாயே, பனிச்சறுக்குப் பலகையோடு ட்ராமில் நின்று டிக்கெட்டுக்குக் காசு நீட்டுகிறவர், 1973இல் எடுத்த படம், அவரைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் பிறந்தபோது அவர் பெயர் அலெக்சாந்தர். 1905 நவம்பரில், இரண்டு வயதில், தகப்பன் கையில் இந்த நாட்டுப் பனியில் வந்து இறங்கும்போது ஊலாவ். ஆனால் அவருக்கு அதோடு ஒரு நாடும் கிடைத்தது. எனக்கு ஒரு கத்தி கிடைத்தது.

அவர் 1991 ஜனவரி 17 இரவு இறந்தார். மறுநாள் தொழிற்சாலையில் கன்வேயரை நிறுத்திவிட்டு வானொலி கேட்டார்கள். பெரிய பெரிய ஆட்கள் ரப்பர்க் கையுறையோடு கண்ணைத் துடைத்தார்கள். 'இனி எங்களுக்கு மிச்சம் நீதான், ஊலாவ்' என்று ஒருவர் என் தோளில் தட்டினார். ஒஸ்லோவில் அரண்மனை முற்றத்துப் பனியில் சனங்கள் மெழுகுதிரிகளை நட்டு வைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, எங்கள் விடுதி வாசலிலும் வைத்தார்கள். நானும் ஒன்று வைத்தேன். என்னை மெச்சினார்கள். ஆனால் அது அரசருக்கு வைத்ததல்ல. ஐயா போன செய்தி எனக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. சண்டைக்காலம், கடிதம் கொழும்பு சுற்றி வந்து சேர்வதற்குள் எட்டுச்செலவும் அந்தியேட்டியும் முடிந்துவிட்டன. கொள்ளி வைக்க வேண்டிய மகன் வேறொருவர் பெயரில் மீன் வெட்டிக்கொண்டிருந்தான். அங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் 'உன் அப்பாவின் பெயர் என்ன?' என்று கேட்பார்கள், அதையும் பிழையாகச் சொல்வார்கள் என்று பயந்தேன்.

இதுவரை எழுதியது பாரமில்லை. இனித்தான் பாரம்.

1999இல் நீ முதலாம் வகுப்புக்குப் போவதற்கு முதல் நாள் இரவு, சமையலறை மேசையில் இருந்து உன் பெயரை முழுதாக எழுதிப் பழகினாய். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டுதான் எழுதுவாய். ஒரு தாளில் அடங்கவில்லை, கடைசி நாலு எழுத்தைத் தாளைத் திருப்பி ஓரத்தில் மேல்நோக்கி எழுதினாய். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாய். ஆசிரியை உன்னைப் பார்த்துத்தான் கேட்டார், 'உன்னை நாங்கள் எப்படிக் கூப்பிடலாம்?' என்று. நீ பையைத் திறக்கக் குனிந்தாய். அதற்குள் நான் சொல்லிவிட்டேன், 'உங்களுக்கு எது வசதியோ அப்படிக் கூப்பிடுங்கள்' என்று. ஆசிரியை முதல் ஐந்து எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். நீ பையின் ஜிப்பை மூடினாய். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தாளை நான் பிறகு குப்பைக்கூடையில் பார்த்தேன், எடுக்கவும் இல்லை.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, தம்பி. அவர் நல்லபடியாகத்தான் கேட்டார். அந்தத் தாத்தாவைப் போல அவரும் நாலு தடவை சொல்லிப் பழகியிருப்பார். பழக விடாதவன் நான். நீ 'ஊலாவ்' என்று சொன்ன உடனே எனக்கு அந்த ஜிப்புச் சத்தம்தான் கேட்டது. உன்னோடு எனக்குக் கோபமா? எந்த முகத்தோடு கோபப்படுவது?

அம்மாவுக்கு இவை ஒன்றும் தெரியாது. அவர் பஞ்சாயுதத்தைப் பெட்டியோடு தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். பிறந்த முப்பத்தோராம் நாள் பிள்ளையின் கழுத்தில் போட்டிருக்க வேண்டியது. 'எப்போது போகிறோம்?' என்று தினமும் கேட்கிறார். நீ கூப்பிடாமல் எப்படிப் போவது?

பெயர் பதிய ஆறு மாதம் தவணை இருக்கிறது. பிள்ளைக்கு நாலு மாதம் நடக்கிறது. பின்பெயர் மருமகளின் குடும்பப் பெயராக இருக்கும் என்று அம்மா யார்மூலமோ கேள்விப்பட்டார். இருக்கட்டும், அவர்களுடைய பண்ணைக்கு இருநூறு வருடப் பெயர். ஆனால் அந்தப் படிவத்தில் முன்பெயருக்கும் பின்பெயருக்கும் இடையில் நடுப்பெயருக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். கதிரவேலு நீளமான பெயர்தான். அளந்து பார்த்தேன், அடங்கும். எழுதத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லும் உரிமையை 1999இல் விட்டுவிட்டேன். இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நீ சின்ன வயதில் கோபித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தால் நான் தரையில் படுத்துக்கொண்டு உன்னோடு கதைப்பேன், நினைவிருக்கிறதா? முழங்கால் இப்போது அதற்கு இடம் தராது.

ஞாயிற்றுக்கிழமை எடு. அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து எடு. போனை யாரிடமும் கொடுக்கமாட்டேன்.

அப்பா