ஓரத்துல தெரியுற கையை வெட்டிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு வாசகர் பக்கத்துல ஒருத்தர் எழுதியிருந்தாரு, பரிசு வாங்குற செய்திப் படமெல்லாம் கோணலா கலங்கலா இருக்கு, நம்ம பிள்ளைங்க போன்லயே இதைவிட பளிச்சுன்னு எடுப்பாங்க, எதைப் பாத்துதான் பரிசு குடுக்குறாங்கன்னு. இருபது வருஷமா கேமரா தூக்கிட்டு அலையுறவன்ங்குறதால எனக்குப் பதில் சொல்லாம இருக்க முடியல.

2004 சுனாமி வந்து ரெண்டு நாள் கழிச்சு, டிசம்பர் 28, கடலூர்ல ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தோட போட்டோகிராபர் ஆர்கோ தத்தா எடுத்த படத்தை நெறய பேரு பாத்திருப்பீங்க. ஒரு அம்மா மணல்ல விழுந்து கையை விரிச்சு அழுறாங்க, படத்தோட ஓரத்துல செத்துப்போன சொந்தக்காரரோட கை மட்டும் தெரியும். உலக அளவுல செய்திப் படங்களுக்குக் குடுக்குற வேர்ல்ட் பிரஸ் போட்டோ பரிசு அந்த வருஷம் அதுக்குத்தான். எங்க அம்மா கடலூர் பக்கம், பேப்பர்ல இதைப் பாத்துட்டு அழுற முகத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கல, "இந்தக் கை யாரோடதுடா"ன்னு மட்டும்தான் கேட்டாங்க.

இப்போ என் கதை. சில வருஷத்துக்கு முன்னாடி நம்ம சிங்கப்பூர் தைப்பூசத்தப்போ விடியறதுக்கு முன்னாடியே, காவடி கெளம்புற பெருமாள் கோயில் வாசல்ல போய் நின்னேன், டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் கூடவே நடந்தேன். காவடி எடுத்த பையனோட அம்மா அவன் முகத்தையே பாத்துக்கிட்டு நடக்குறாங்க, ஓரத்துல யாரோ ஒருத்தர் தண்ணி பாட்டிலை நீட்டுற கை. வெளிச்சம் பத்தல, வெளிச்சம் கூட நேரம் உள்ள வரட்டும்னு ஷட்டர் ஸ்பீடை கொறச்சதுல படம் லேசா ஆடிப்போச்சு, இருட்டுல எடுக்க ஐஎஸ்ஓங்குற செட்டிங்கை ஏத்துனதுல புள்ளி புள்ளியா நாய்ஸ் வேற. ஒரு போட்டோ போட்டிக்கு அனுப்புனேன், நடுவர் சொன்னது, ஷார்ப்னஸ் இல்ல, அந்தக் கையை போட்டோஷாப்புல எடுத்துட்டு கொண்டு வந்திருக்கலாம். எனக்கு ரெண்டு நாள் தூக்கமே வரல சார், பரிசு கெடைக்கலன்னு இல்ல, அந்தக் கை இல்லன்னா அது தைப்பூசமே இல்லையே, வெறும் போர்ட்ரெய்ட்தானே.

செய்திப் படத்துல இந்த மாதிரி தொடச்சா என்ன ஆகும்னு 2010-ல வேர்ல்ட் பிரஸ் போட்டோவே காட்டிடுச்சு. ஸ்டெபான் ருடிக்குங்குறவரு ஒரு படத்துல பின்னாடி தெரிஞ்ச ஒரு ஆளோட கால் நுனியை அழிச்சிருந்தாரு, அவ்ளோதான், குடுத்த பரிசைத் திருப்பி வாங்கிட்டாங்க. ஆனா 1953-ல அமெரிக்காவுல பாலத்துல இருந்து தொங்குன லாரிக்குள்ள மாட்டிக்கிட்ட டிரைவரை கயிறு விட்டு மேல தூக்குனதை, போட்டோ தொழிலே இல்லாத வர்ஜீனியா ஷாவ்னு ஒரு அம்மா பிரவுனிங்குற ஒரு சாதாரண டப்பா கேமராவுல எடுத்தாங்க, மறுவருஷம் அவங்களுக்கு அமெரிக்காவோட பெரிய பத்திரிகை பரிசான புலிட்சர்! லென்ஸ் சுமாரா இருந்ததையெல்லாம் யாரும் பெருசா எடுத்துக்கல, அங்க நடந்தது அப்படியே அந்தப் படத்துல இருக்கு.

அதுக்காக டெக்னிக் வேணாம்னு சொல்ல வரல. கடலூர் படத்துல எவ்ளோ கிட்ட நிக்கணும், எதை ஓரத்துல விடணும்னு அந்த நேரத்துல முடிவு பண்ணாரே, அதைவிட பெரிய டெக்னிக் எது? அதுக்கு மார்க் போடுங்க, முழுசா போடுங்க. நாய்ஸுக்கும் ஆட்டத்துக்கும் மார்க் கொறைக்குறது கல்யாண ஆல்பத்துக்கு சரி.

உங்ககிட்டயும் ஒண்ணு கேட்டுக்குறேன். வாசகர் அனுப்புற விழாப் படங்களை எடம் பத்தலன்னு சில நேரம் ஓரத்துல வெட்டித்தான் போடுறீங்க. கொஞ்சம் சின்னதாப் போட்டாலும் பரவாயில்ல, முழுசா போடுங்க, கீழ எந்த எடம், எந்த நேரம்னு ஒரு வரி சேத்துக்கோங்க. இந்தக் கடிதத்தோட அந்தத் தைப்பூசப் படத்தையும் அனுப்பியிருக்கேன், பாட்டில் நீட்டுற கையோடயே.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்