கலாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கலா,

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிவி பார்க்கக் கூடாது என்றால் கேட்டால்தானே! பெரியவளுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது.

“காதலும் கொலையும் கலந்த அந்தத் துருக்கிக் கதைகளில் அப்படி என்னடி இருக்கு?” என்று கேட்டிருந்தாய். துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ படித்துப் பார். ஜி. குப்புசாமி மொழிபெயர்ப்பு, காலச்சுவடு வெளியீடு. 1591, இஸ்தான்புல், நுண்ணோவியர்கள் (ஏடுகளில் நுணுக்கமான சிறு படங்கள் வரைபவர்கள்) என்றதும் சரித்திர நாவல் என்று ஒதுக்கிவிடாதே. எனக்கு அது ஷெகூரேயின் கதை.

போருக்குப் போன புருஷன் நாலு வருஷமாகத் திரும்பவில்லை. கொழுந்தனுக்கு இவள்மேல் கண். பழைய காதலன் பன்னிரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வருகிறான். அந்த நேரத்தில் அப்பா வீட்டிலேயே கொலையாகிறார். ஷெகூரே வாய்விட்டு அழக்கூட இல்லை. செய்தி வெளியே போனால் பிள்ளைகளோடு கொழுந்தன் வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். பிணத்தைப் படுக்கையில் கிடத்தி, ‘உடம்பு முடியவில்லை’ என்று சொல்லிவிடுகிறாள். காதலனைப் படகில் அக்கரைக்கு, உஸ்குதாருக்கு அனுப்பி, காணாமல் போன புருஷனிடமிருந்து தனக்கு மணவிலக்கு வாங்க வைக்கிறாள். அன்றைக்கே கல்யாணம், பிணம் இருக்கும் வீட்டிலேயே! மாப்பிள்ளைக்கு ஒரு நிபந்தனை வேறு: கொலைகாரனைக் கண்டுபிடிக்கும்வரை கட்டிலில் இடமில்லை.

கொன்றது யார் என்பதை நான் பாதியில் மறந்தே போனேன். ஷெகூரேக்கு அந்தக் காதலன்மேல் ஆசையா, இல்லை ஒரு ஆண்துணைக்காகக் கட்டிக்கொண்டாளா? அவளுக்கே தெரியவில்லை. என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

பாமுக்கின் இன்னொரு நாவல் ‘தி மியூசியம் ஆஃப் இன்னொசன்ஸ்’. அதில் கொலையே கிடையாது, ஆனால் இதைவிடப் பயம். கெமால் என்ற பணக்காரன் தான் காதலிக்கும் ஃப்யூசுன் வீட்டுக்கு எட்டு வருஷம் சாப்பிடப் போகிறான், அங்கிருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகத் திருடி வருகிறான். அவள் பிடித்துப்போட்ட சிகரெட் துண்டுகள் மட்டும் 4213. நாவலின் பெயரிலேயே 2012-இல் இஸ்தான்புல்லின் சுக்குர்ஜுமா பகுதியில் பாமுக் நிஜமாக ஒரு அருங்காட்சியகம் திறந்தார். அங்கே அத்தனையும் சுவரில் குத்தி வைத்திருக்கிறது. உருக்கமான காதல் என்கிறார்கள். எனக்கு என்னவோ கோர்ட்டில் காட்டும் சாட்சியப் பொருள் மாதிரி இருக்கிறது.

துருக்கி இளசுகள் வாட்பேடில் (யாரும் கதை எழுதிப் போடும் இணையதளம்) படித்து வந்ததும் இந்த இருட்டுக் காதலைத்தான். 2024 ஜூலையில் அங்கே அந்தத் தளத்தையே முடக்கிவிட்டார்கள். அந்த ரகத் தொடர்களில் பெரும்பாலும் முரடன் கடைசியில் திருந்திவிடுவான். அதோடு பயமும் போய்விடும். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

புத்தகத்தைக் கூரியரில் அனுப்புகிறேன். முடிவை முதலில் புரட்டாதே, உன் வழக்கம் எனக்குத் தெரியும். ஷெகூரே பண்ணியது சரியா என்று எழுது.

அன்புடன்,
வசந்தி